புத்தியும் வழிபாடும்: உரோமையர் திருமுகத்தின் இரு தமிழாக்கங்கள் - ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

கிறித்தவ நம்பிக்கையை அன்றாட வாழ்விலும் பண்பாட்டிலும் எங்ஙனம் கைக்கொள்வது என்னும் வினா எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்பெறும் பகுதிகளுள் முதன்மையானது, பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரத் தொடக்கமாகும். முதல் பதினோர் அதிகாரங்களில் கோட்பாட்டை வாத முறையில் நிறுவிய பவுல், 12ஆம் அதிகாரத்தில் வாழ்க்கையின்பால் திரும்புகிறார். விருந்தோம்பல், வரி செலுத்துதல், கடன்படாமை, உணவு பற்றிய கருத்து வேற்றுமை ஆகியன இதனைத் தொடர்ந்து பேசப்பெறுகின்றன. கோட்பாட்டிற்கும் வாழ்க்கைக்கும் இடைப்பட்ட வாயிலாக அமைந்தவை அவ்வதிகாரத்தின் முதலிரு வசனங்கள். அவ்விரு வசனங்களும் நம்பிக்கை, அறிவு, உடல், உலகம் ஆகிய நான்கனையும் ஒருங்கே இணைப்பன.

இவ்வசனங்களின் இரு தமிழாக்கங்களை ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, என்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் முழுமையாக வெளிவந்ததும், சீர்திருத்தச் சபையினர் பெரும்பாலோரால் இன்றளவும் வாசிக்கப்பெறுவதுமான பதிப்பு (இனி, பழைய பதிப்பு). மற்றொன்று, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' (இனி, புதிய பதிப்பு). புதிய பதிப்பு தமிழ் நடையில் பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எந்த வசனம் அறிவையும் உடலையும் வழிபாட்டிற்குள் கொணர்கிறதோ அந்த வசனத்திலேயே அறிவைக் குறிக்கும் சொல்லும் உடலைக் குறிக்கும் சொல்லும் அதில் இடம்பெறாமற் போயின என்பது இக்கட்டுரையின் கருத்து. இது வெறும் சொற்றேர்வுக் குறை அன்று. பொருளின் திசையையே மாற்றும் குறை.

2. களம்

இவ்வாய்விற்குப் பெங்களூர் பொருத்தமான களம். இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் இங்குள்ளது. 1910இல் தொடங்கப்பெற்ற ஐக்கிய இறையியல் கல்லூரியும் இங்குள்ளது. சமயமும் சமுதாயமும் சந்திக்குமிடத்தை ஆராய்வதற்கென 1957இல் தோன்றிய கிறித்தவ ஆய்வு நிறுவனம் பி.டி. தேவானந்தன், எம்.எம். தாமஸ் ஆகியோர் வழி இந்நகரிலிருந்தே செயற்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், வழிபாட்டை இந்திய மொழிகளுக்கும் பண்பாட்டிற்கும் உரியதாக்கும் பணிக்கென 1967இல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவம் தமிழரான து.ச. அமலோர்பவதாசு அடிகளாரின் தலைமையில் இங்கே உருவாயிற்று. நம்பிக்கையை வாழ்க்கைக்கு மொழிபெயர்ப்பது என்னும் சிக்கல் இந்நகரில் ஏட்டளவினதாக இருந்ததில்லை.

மேலும், பெங்களூர்த் தமிழ்க் கிறித்தவர் இரு பதிப்புகளுக்கும் கன்னடத்திற்கும் ஒருங்கே செவிகொடுப்பவர். சிவாஜி நகர்ப் புனித மரியன்னை பேராலயத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் திருப்பலி நிறைவேறுகிறது. வழிபாட்டு மொழி எதுவாதல் வேண்டும் என்பது இந்நகர்த் திருச்சபைகளில் நெடுங்காலமாகக் கசப்பையும் விளைத்த வினா. எம்மொழியில் வழிபடுவது என்னும் வினாவிற்குக் கிடைத்த கவனம், அம்மொழியில் எச்சொற்களால் வழிபடுகிறோம் என்னும் வினாவிற்குக் கிடைக்கவில்லை.

3. 'புத்தியுள்ள', 'உள்ளார்ந்த'

பவுல் வழிபாட்டிற்குத் தரும் அடைமொழி 'லோகிகோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லாகும். 'லோகோஸ்' என்பதன் அடியாகப் பிறந்த இச்சொல், புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இவ்விடம், மற்றொன்று பேதுருவின் முதல் திருமுகம் 2ஆம் அதிகாரத்தில் பாலுக்கு அடையாக வருவது. ஸ்தோயிக்க மெய்யியலார் வழக்கில் இஃது 'அறிவுடைய' எனப் பொருள்படும். எபிக்தேத்தஸ், தாம் குயிலாயின் குயிலுக்குரியதைச் செய்திருக்கக்கூடும் என்றும், அறிவுடைய உயிராதலின் கடவுளைப் புகழ்வதே தமக்குரிய செயல் என்றும் கூறுமிடத்தில் இச்சொல்லையே ஆள்கிறார். மறுபுறம், விலங்குப் பலிக்கு மாற்றான அகப்பலியைக் குறிக்கவும் எர்மேசிய நூல்கள் இச்சொல்லை வழங்கின. ஆகவே 'அறிவு', 'அகம்' என்னும் இரு பொருட்கூறுகளும் இச்சொல்லில் உண்டு. இலத்தீன் வுல்காத்தாவும் உலூத்தரின் செருமானியமும் முதலாவதைக் கொண்டன. 20ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பதிப்புகள் பல இரண்டாவதன்பால் சாய்ந்தன.

பழைய பதிப்பு 'புத்தியுள்ள ஆராதனை' என்கிறது. புதிய பதிப்பு 'உள்ளார்ந்த வழிபாடு' என்கிறது. முன்னது அறிவின் பக்கம். பின்னது அகத்தின் பக்கம். மூலநூல் ஆய்வு இரண்டிற்கும் இடந்தருதலின், தெரிவைத் தமிழ்ச் சூழலில் வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

'புத்தியுள்ள' என்பதன் குறை வெளிப்படையானது. '-உள்ள' என்னும் பெயரெச்சத்துடன் சேரும்போது 'புத்தி' உயர்திணைப் பெயரையே இயல்பாக எதிர்நோக்குகிறது. 'புத்தியுள்ள பிள்ளை' இயல்பு. 'புத்தியுள்ள கடிதம்' பிறழ்வு. ஆராதனைக்குப் புத்தியிருத்தல் என்பது தமிழ்ச் செவிக்கு நெருடலே. அன்றியும் பேச்சு வழக்கில் 'புத்தி சொல்லுதல்' அறிவுரை கூறுதலாகவும், 'புத்திசாலித்தனம்' காரியத் திறமையாகவும் சுருங்கிவிட்டன. புதிய பதிப்பாளர் இத்தொடரை மாற்ற விரும்பியமைக்குக் காரணம் உண்டு.

ஆயின், பழைய பதிப்பிற்குள் இச்சொல் தனித்து நிற்கவில்லை. விளக்கிற்கு எண்ணெய் எடுத்துச் சென்ற கன்னியர், பாறைமேல் வீடு கட்டியவன், கணக்கைத் திருத்திய கண்காணிப்பாளன் ஆகியோரையும் அப்பதிப்பு 'புத்தி' என்னும் அடியாலேயே சுட்டுகிறது. எண்ணெய், கட்டடம், கணக்கேடு, வழிபாடு ஆகிய நான்கும் ஒரே சொல்லால் கோக்கப்பெறுகின்றன. புதிய பதிப்பு முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 'முன்மதி' என்றும், இரண்டாவதற்கு 'அறிவாளி' என்றும், நான்காவதற்கு 'உள்ளார்ந்த' என்றும் பிரித்துக்கொண்டது. கிரேக்கத்தில் முதல் மூன்றிற்கும் ஒரு சொல்லடியும் நான்காவதற்கு வேறொன்றும் இருத்தலின், நான்காவதைப் பிரித்தமை மூலத்திற்கு ஏற்புடையதே. அந்நிலையில் முதல் மூன்றினை இரண்டாகப் பிரித்தமைக்கு அக்காரணம் பொருந்தாது. எங்ஙனமாயினும் வாசகன் பார்வையில் நிகழ்வது ஒன்று: வீட்டு வேலையில் வேண்டப்படும் அறிவும் வழிபாட்டில் வேண்டப்படும் அறிவும் ஒன்றே என்னும் உணர்வைத் தந்துகொண்டிருந்த சொல்லிழை அறுகிறது.

இனி 'உள்ளார்ந்த' என்பதை நோக்குவோம். இற்றைத் தமிழில் இதற்கு மூன்று பொருள்கள் உள: 'உள்ளே அமைந்த', 'இயல்பிலேயே பொருந்திய', 'மனப்பூர்வமான'. இம்மூன்றனுள் ஒன்றிலேனும் ஆராய்தல், காரணம் காணல் என்னும் கூறு இல்லை. பவுலின் வாதம் வழிபாட்டைக் கோயிலினின்று வீதிக்குக் கொணர்வது. 'உள்ளார்ந்த' என்னும் அடையோ அதனை வீதியினின்று நெஞ்சிற்குள் கொண்டுசெல்கிறது. சடங்கினின்று வழிபாட்டை விடுவிக்கும் பணியில் இரண்டும் ஒன்றே. விடுவித்தபின் அதனை எங்கு வைப்பது என்பதில் இரண்டும் எதிரெதிர்.

கன்னடப் பழைய பதிப்பு இவ்விடத்தில் 'விவேகபூர்வக' என்னும் அடையை ஆள்கிறது. '-பூர்வக' என்னும் ஈறு செயலின் முறையைக் குறிப்பதாதலின், புத்தியை ஆராதனையின் உடைமையாக்கும் பிறழ்வு அங்கு நேரவில்லை. விவேகத்தோடு செய்யப்படும் ஆராதனை எனத் தெளிவாகப் பொருள்படுகிறது. தமிழ்ப் பதிப்பிற்கு நேர்ந்த நெருடல் கருத்தினால் அன்று, இலக்கண அமைப்பினால் நேர்ந்தது என்பதற்கு இது சான்று. அமைப்பைத் திருத்த வேண்டிய இடத்தில் கருத்தே விடப்பட்டது.

4. 'சரீரங்கள்', 'உங்களை'

பவுல் பலியாகப் படைக்கச் சொல்வது 'சோமாட்டா', அதாவது உடல்களை. பழைய பதிப்பு 'சரீரங்கள்' எனப் பன்மையும் விடாது தருகிறது. புதிய பதிப்பு 'உங்களை' என்கிறது. 1976இல் வெளிவந்த எளிய ஆங்கிலப் பதிப்பொன்றும் இவ்வாறே 'உங்களை' என்னும் பொருளில் அமைத்துள்ளது. சொல்லுக்குச் சொல் வைப்பதினும் பயனை நிகர்ப்பிப்பதே மொழிபெயர்ப்பு என நைடா 1964இலும், தேபருடன் இணைந்து 1969இலும் வகுத்த நெறி இத்தகைய தெரிவுகளுக்கு அடிப்படை தருகிறது. எபிரேய மரபில் உடல் என்பது முழு மனிதனைக் குறிக்கக்கூடுமாதலின் 'உங்களை' என்பது பிழை அன்று என்று வாதிடலாம்.

எனினும் பயன் நிகர்ப்பு நெறியையே அளவுகோலாகக் கொள்வோமாயின், தமிழ் வாசகனிடத்து விளையும் பயன் யாது என்று கேட்டல் வேண்டும். தமிழ்ச் சமய மரபில் 'உங்களைப் படையுங்கள்' என்பது மனத்தை ஒப்படைத்தல் எனவே முதலில் கொள்ளப்பெறும். உடலும் அதில் அடங்கும் என்பது உய்த்துணர வேண்டிய ஒன்று. அதே தொடரில் வழிபாடும் 'உள்ளார்ந்த'தாக அமையும்போது அவ்வுய்த்துணர்வுக்கும் வழி அடைபடுகிறது. 'உங்களை', 'உள்ளார்ந்த' என்னும் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தி வசனம் முழுவதையும் அகவயப்படுத்துகின்றன.

இழப்பு யாருக்கு என்பதும் எண்ணத்தக்கது. ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் தையற்பொறியின்முன் அமர்ந்திருப்பவருக்கும், பிறர் வீட்டில் சமைப்பவருக்கும், கட்டட வேலைக்குக் கல் சுமப்பவருக்கும் சமயம் சொல்லக்கூடிய பெருஞ்செய்தி, உழைக்கும் அவ்வுடலே பலிப்பொருள், அவ்வுழைப்பே வழிபாடு என்பது. 'சரீரம்' என்னும் சொல் இன்று சற்றுப் பழமையானதாகத் தோன்றலாம். அதனை 'உடல்' என்று புதுக்கினால் போதும், நீக்க வேண்டுவதில்லை.

5. பகுத்தறிதலும் தெரிதலும்

இரண்டாம் வசனத்தில் பவுல் உலகத்தோடு ஒத்த வடிவம் கொள்ளாதிருக்குமாறும், மனம் புதிதாவதால் உருமாறுமாறும், இறைவிருப்பம் எதுவெனச் சோதித்தறியுமாறும் பணிக்கிறார். பண்பாட்டோடு கிறித்தவர் கொள்ள வேண்டிய உறவை இதனினும் சுருக்கமாகக் கூறும் வசனம் அரிது.

பழைய பதிப்பு இங்கு மூலத்தின் சொல்வேறுபாடுகளைக் கூர்ந்து காக்கிறது. 'ஸ்கேமா' என்னும் புறவடிவச் சொல்லைத் தன்னுட்கொண்ட வினைக்கு 'வேஷந்தரித்தல்' என்னும் வினையை ஆண்டது. கூத்து மரபு அறிந்த தமிழருக்கு இதன் நுட்பம் புலனாகும். 'உருமாறுதல்' என்பதற்கு, இயேசு மலைமேல் உருமாறியதற்கு ஆண்ட 'மறுரூபம்' என்னும் சொல்லையே இங்கும் ஆண்டது. கிரேக்கத்திலும் இரண்டிடத்தும் ஒரே வினை. புதிய பதிப்பில் மலைக்காட்சி 'தோற்றம் மாறினார்' எனவும், இவ்விடம் 'மாற்றம்' எனவும் வருதலின் இரண்டிற்குமுள்ள தொடர்பு மங்குகிறது. ஆயின் 'பிரபஞ்சம்' என்னும் பழைய பதிப்பின் சொல் அண்டத்தையே சுட்டுவதால் இங்குப் பொருந்தாது. 'உலகத்தின் போக்கு' என்னும் புதிய பதிப்பின் தொடர் மூலக் கருத்தை எளிமையாகவும் சரியாகவும் உணர்த்துகிறது.

மொழியியலார் பெரிதும் நோக்கத்தக்கது இறுதி வினையாகும். கிரேக்கத்தில் அது 'டோகிமாஸோ': நாணயத்தையும் உலோகத்தையும் உரைத்துப் பார்த்துத் தேர்வதற்கு வழங்கிய செய்வினை. பழைய பதிப்பு 'பகுத்தறி' என்னும் வினையை ஆண்டது. புதிய பதிப்பு 'தெளிவாகத் தெரியும்' என்கிறது. 'பகுத்தறி' கருத்தாவின் முயற்சியை வேண்டும் வினை, ஏவலாகவும் வரும். இற்றைத் தமிழில் 'தெரி' என்பதோ நான்காம் வேற்றுமை ஏற்ற அனுபவிப்பானை வேண்டுவது. 'எனக்குத் தெரியும்' என்பதில் 'நான்' எழுவாய் அன்று. இவ்வினையை ஏவலாக்க இயலாது. ஏவ வேண்டின் 'தெரிந்துகொள்' எனத் துணைவினை சேர்த்தல் வேண்டும். அதாவது, பவுல் வாசகனிடம் ஒப்படைத்த பணி, புதிய பதிப்பில் வாசகனுக்கு நேரும் நிகழ்ச்சியாக மாறிவிடுகிறது. உருமாற்றம் பற்றிய வினையும் முன்னிலை ஏவலினின்று 'அடைவதாக' என்னும் வியங்கோளாக மாறியுள்ளது. மூல வினை செயப்பாட்டு வடிவினதாதலின் இம்மாற்றத்திற்கு ஓரளவு நியாயம் உண்டு. தொடர்ந்து வரும் 'அறிந்துகொள்வீர்கள்' என்னும் வினையால் முயற்சிப் பொருள் ஓரளவு மீள்கிறது என்பதையும் மறுத்தற்கில்லை. ஆயினும் அறிதல் வேறு. சோதித்துத் தேர்தல் வேறு.

'பகுத்தறிதல்' என்பதைப் புதிய பதிப்பு ஏன் ஆளவில்லை என்பதற்கான காரணத்தை ஊகிக்க வேண்டுவதில்லை. ஆனால் அச்சொல்லின் வரலாற்றை நினைவுகூர்தல் தகும். 1871இல் அச்சொல் எவ்வியக்கத்திற்கும் உரியதாக இருக்கவில்லை. 1934இல் பெரியார் ஈ.வெ.ரா. அப்பெயராலேயே இதழ் தொடங்கினார். அதன்பின் 'பகுத்தறிவு' சமய மறுப்பின் அடையாளச் சொல்லாயிற்று; 'மூடநம்பிக்கை' அதன் எதிர்ச்சொல்லாயிற்று. தமிழ்ச் சமயத்தார் அச்சொல்லை எதிர்முகாமிற்கு உரியதெனக் கருதிக் கைவிட்டனராயின், அஃது எதிர்முகாமின் வெற்றி அன்று; கைவிட்டவரின் இழப்பு. பெரியார் அதனை இதழ்ப்பெயராக்குவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே, தமிழ்க் கிறித்தவர் வாசித்துவந்த திருமுகத்தில் அவ்வினை இறைவிருப்பத்தைத் தேரும் வினையாக அச்சேறியிருந்தது.

6. நம்பிக்கை, விடை

இப்பின்னணியில் புதிய பதிப்பின் மற்றொரு தெரிவு தனிக்கவனம் பெறுகிறது. பழைய பதிப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என நின்ற மூன்றும் புதிய பதிப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என நிற்கின்றன. இடம் பெயர்ந்தது 'நம்பிக்கை'. ஒரே வீட்டில் இரு பதிப்புகளும் வாசிக்கப்பெறும் இடத்து, ஒருவர் 'நம்பிக்கை' என்று வருவதை எதிர்பார்ப்பாகவும் மற்றவர் பற்றுறுதியாகவும் கொள்வர். எனினும் இம்மாற்றம் பொதுமொழியின் பக்கம் நிற்கிறது. 'விசுவாசம்' இன்று சபைக்கு வெளியே எசமானிடத்துக் காட்டும் நன்றியுணர்வையே பெரிதும் குறிக்கும். 'நம்பிக்கை' கடை, வங்கி, நட்பு, திருமணம் ஆகிய எல்லாவற்றிலும் வழங்கும் சொல். சமயச் சொல்லை வாழ்வின் சொல்லாக்கிய சிறப்பு புதிய பதிப்பிற்கு உரியது.

ஆனால் 'நம்பிக்கை'யை ஏற்றுக்கொண்ட தமிழ், 'மூடநம்பிக்கை - பகுத்தறிவு' என்னும் எதிர்நிலைக்குள்ளும் தன்னையறியாமல் நுழைந்துவிடுகிறது. அவ்வெதிர்நிலையை உடைக்க வேண்டுமாயின் நம்பிக்கையும் பகுத்தறிதலும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்றல் வேண்டும். நம்பிக்கை உள்ளே வந்த பதிப்பில் பகுத்தறிதல் வெளியே சென்றது என்பதே இங்கு நேர்ந்த முரண்.

புதிய பதிப்பு இத்துறையில் எய்திய வெற்றி ஒன்றையும் குறிப்பிடுதல் நேர்மை. தம் எதிர்பார்ப்பிற்குக் காரணம் கேட்போருக்கு மறுமொழி கூற ஆயத்தமாயிருக்குமாறு பேதுருவின் முதல் திருமுகம் 3ஆம் அதிகாரம் பணிக்கிறது. பழைய பதிப்பு இங்கு 'உத்தரவு' என்னும் சொல்லை மறுமொழி என்னும் பொருளில் ஆண்டது. இன்று தமிழில் 'உத்தரவு' ஆணையாகிவிட்டமையால், கேட்பவனுக்கு ஆணையிடச் சொல்வதாகவே வசனம் தலைகீழாகும். கன்னடத்தில் 'உத்தர' இன்றும் விடையையே குறித்தலின், பெங்களூர்த் தமிழர் பழைய பொருளை எளிதில் உணரக்கூடும். சென்னைத் தமிழருக்கு அவ்வாய்ப்பு இல்லை. புதிய பதிப்பு 'விளக்கம்', 'விடை' எனத் தெளிவாக அமைத்து, நம்பிக்கை காரணம் காட்டக் கடமைப்பட்டது என்னும் கருத்தை மீட்டுள்ளது. பேதுருவிடம் மீட்டதைப் பவுலிடம் இழக்கலாகாது.

7. முடிவுரை

பழைய பதிப்பிற்குத் திரும்புதல் இதற்குத் தீர்வன்று. அதன் வடமொழிக் கலப்பு நடையும் வழக்கிறந்த தொடர்களும் இற்றை வாசகனுக்குத் தடையாவன. வேண்டுவது, புதிய நடையில் பழைய கூர்மை. மொழிபெயர்ப்பாளர் சிந்தனைக்கு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கலாம். 'உங்களை' என்னுமிடத்தில் 'உங்கள் உடல்களை' என்று மீட்டமைக்கலாம். 'உள்ளார்ந்த வழிபாடு' என்பதற்கு ஈடாக 'அறிவோடு இயைந்த வழிபாடு' எனலாம். இதில் 'புத்தியுள்ள' என்பதன் இலக்கண நெருடலும் இல்லை, அறிவுப் பொருளும் கெடவில்லை. 'தெளிவாகத் தெரியும்' என்பதற்கு ஈடாக 'ஆராய்ந்து தெளிவீர்கள்' எனலாம்.

மூன்றாவது பரிந்துரைக்குத் தமிழ் மரபிலேயே வேர் உண்டு. திருக்குறளின் 51ஆம் அதிகாரத் தலைப்பு 'தெரிந்து தெளிதல்' என்பதாகும். அங்குத் 'தெரிதல்' ஆராய்ந்து தேர்தல். 'தெளிதல்' ஐயம் நீங்கி நம்புதல். ஆராய்ச்சி முன்னும் நம்பிக்கை பின்னுமாக இரண்டையும் ஒரே தொடரில் வைத்த மொழி தமிழ். வியப்பு என்னவெனில், புதிய பதிப்பின் 'தெளிவாகத் தெரியும்' என்னும் தொடரில் உள்ளவையும் அவ்விரு வேர்களே. வேர்கள் மாறவில்லை, 'தெரி' என்பது காலப்போக்கில் தன் செயல்வலியை இழந்தது, அவ்வளவே. வள்ளுவர் காலத்தில் மனிதன் தெரிந்தான்; இன்று மனிதனுக்குத் தெரிகிறது.

நம்பிக்கையும் அறிவும் பகையா உறவா என்பது இறையியலார் முடிவு செய்ய வேண்டியது. அவ்வுறவைச் சொல்லுதற்குரிய வினைகளைத் தமிழில் உயிரோடு வைத்திருப்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆற்ற வேண்டிய பணியாகும். 'திருவிவிலியம்' அடுத்த திருத்தத்தைக் காணும்போது இவ்விரு வசனங்களும் மறுபார்வை பெறுமாயின் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.